பொதுப் பாகத்துக்கு யார் பொறுப்பு?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு விளிம்பில், தமிழக எல்லையை ஒட்டியிருக்கிறது வேலந்தாவளம். கோவையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் வந்துவிடும் ஊர். ஆட்சி எல்லைப்படி அது கேரளம். பேச்சும் கொடுக்கல் வாங்கலும் பெரும்பாலும் தமிழோடும் கோவையோடும் பிணைந்தவை. கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் மழைச் செழிப்பு இந்தப் பகுதிக்குப் பொருந்தாது. வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி ஆகிய கிழக்கு ஊராட்சிகள் வறட்சிக்குப் பழகியவை. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகளில் சித்தூர் வட்டாரம் பல ஆண்டுகள் அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்ட பகுதியாக வகைப்படுத்தப்பட்டு வந்தது. இங்கே தென்னையும் காய்கறியும் ஆழ்துளைக் கிணற்றை நம்பி நிற்கின்றன. ஆழ்துளைக் கிணறு நீர்மூழ்கிப் பம்பை நம்பி நிற்கிறது. அந்தப் பம்பு பெரும்பாலும் எல்லைக்கு அப்பால், கோவையின் பட்டறைகளிலிருந்து வருகிறது.

பம்பு பழுதானால் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே ஏற்றுவார்கள். தேய்ந்த இம்பெல்லரையோ புஷ்ஷையோ மாற்றி மீண்டும் இறக்குவார்கள். கடையில் வாங்கிய புதிய இம்பெல்லர், ஐந்தாண்டுக்கு முன் வாங்கிய பம்பில் பொருந்த வேண்டும். மெக்கானிக்கும் விவசாயியும் இதை ஒரு கேள்வியாகக்கூட எண்ணுவதில்லை. பொருந்தும் என்றே நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை காப்பாற்றப்படுகிறதா என்பது வார்ப்பாலையில் மட்டும் முடிவாவதில்லை. பட்டறையின் வடிவமைப்பு அறையில், ஒரு கணினியின் கோப்புறையில், எந்தக் கோப்பை யார் திறந்து யார் சேமித்தார் என்பதிலும் முடிவாகிறது. பொறியியல் கல்வி மிகக் குறைவாகப் பேசும் இடம் அது.

பல ஸ்டேஜ் கொண்ட நீர்மூழ்கிப் பம்பின் அமைப்பை நோக்கினால் சிக்கலின் அளவு விளங்கும். ஒரு ஸ்டேஜ் என்பது ஒரு இம்பெல்லரும் அதைச் சூழ்ந்த ஒரு டிஃப்யூசர் கிண்ணமும். ஒரு ஸ்டேஜ் 10 மீட்டர் உயரத்துக்கு நீரைத் தள்ளும் என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டருக்குப் பத்து ஸ்டேஜ் வேண்டும். 150 மீட்டருக்குப் பதினைந்து. மாடல் மாறும்போது ஷாஃப்டின் நீளம் மாறும், மோட்டாரின் திறன் மாறும், இணைப்புப் பட்டைகளின் நீளம் மாறும். இம்பெல்லரும் கிண்ணமும் மாறா. உறிஞ்சு பக்கத்துத் தாங்கி, வடிகட்டி, கப்ளிங், மேல்முனை வால்வு ஆகியவையும் பெரும்பாலும் மாறா. ஒரு பம்புக் குடும்பத்தில் பத்து மாடல்கள். ஒவ்வொன்றிலும் நாற்பது பாகங்கள். அவற்றுள் முப்பது எல்லா மாடலுக்கும் பொது என்று கொள்வோம். முறையாக வைத்தால் பொதுப் பாகங்கள் 30, தனிப் பாகங்கள் மாடலுக்குப் பத்தாக 100, ஆக 130 பாகக் கோப்புகள் போதும். மாடலுக்கு ஒரு கோப்புறை என்று பிரித்து எல்லாவற்றையும் படியெடுத்து வைத்தால் 400 கோப்புகள். கூடுதலான 270 கோப்புகள் வட்டில் பிடிக்கும் இடம் ஒரு பொருட்டல்ல. ஒரே இம்பெல்லருக்குப் பத்துப் பிறப்புச் சான்றிதழ்கள் உருவாகிவிட்டன என்பதே சிக்கல்.

பெரிய நிறுவனங்கள் இதற்கெனத் தனி மென்பொருள் வைத்திருக்கின்றன. எந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறது, எத்தனையாவது திருத்தம், எந்தெந்த அசெம்பிளியில் பயன்படுகிறது என்பதை அது கணக்கு வைக்கும். இரண்டு மூன்று வரைவாளர்கள் மட்டுமே உள்ள சிறு பட்டறைக்கு அதன் உரிமக் கட்டணமும் பராமரிப்பும் தாங்காது. அங்கே இருப்பது ஒரு பகிர்வுக் கோப்புறை. அதற்கு மேல், பழைய வரைவாளர் ஒருவரின் நினைவாற்றல். அவர் வேலையை விட்டுச் செல்லும் நாளில் பட்டறையின் தரவு மேலாண்மையும் அவரோடு வாசலைத் தாண்டிப் போகிறது.

கோப்பு எப்படிப் பிழைபடுகிறது என்பதை அறிய, கேட் மென்பொருள் அசெம்பிளியை எப்படிச் சேமிக்கிறது என்பதை அறிய வேண்டும். அசெம்பிளிக் கோப்புக்குள் பாகம் இல்லை. பாகம் இருக்கும் இடத்தின் முகவரியும், அது எந்த நிலையில் பொருத்தப்பட்டிருக்கிறது என்ற குறிப்பும்தான் உள்ளன. திறக்கும்போது மென்பொருள் அந்த முகவரிக்குப் போய்ப் பாகத்தை அழைத்து வருகிறது. விண்டோஸில் கோப்பின் பெயரை நேரடியாக மாற்றினால் முகவரி அறுந்துபோகும். பாகத்தைக் காணவில்லை என்று மென்பொருள் கேட்கும். இது வெளிப்படையான பிழை. ஆகவே தீங்கு குறைவு. வாய் திறக்காத பிழை வேறொன்று உண்டு. சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருளில், அசெம்பிளி கேட்கும் பெயரிலேயே ஒரு கோப்பு ஏற்கெனவே நினைவகத்தில் திறந்திருந்தால், அது எந்தக் கோப்புறையைச் சேர்ந்ததாக இருந்தாலும் மென்பொருள் அதையே எடுத்துக்கொள்ளும். ‘இம்பெல்லர்’ என்ற பெயரில் பத்துக் கோப்புறைகளில் பத்துக் கோப்புகள் இருக்கும் பட்டறையில், காலையில் எந்த மாடலை முதலில் திறந்தார்கள் என்பது மாலையில் வேறொரு மாடலின் வரைபடத்தை மாற்றிவிடக்கூடும். திரையில் எச்சரிக்கை எதுவும் தோன்றாமலே போகலாம். இரண்டு இம்பெல்லர்களும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

ஒன்றுபோல இருப்பவை ஒன்றல்ல என்பதற்கு ஒரு கணக்கு. இம்பெல்லர்கள் ஷாஃப்டில் ஹப்போடு ஹப் தொட்டபடி அடுக்கப்படும் அமைப்பில், ஹப்பின் நீளமும் கிண்ணத்தின் உயரமும் ஒத்துப்போக வேண்டும். ஒரு வாடிக்கையாளரின் ஐந்து ஸ்டேஜ் பம்புக்காக யாரோ ஹப்பின் நீளத்தை 0.1 மில்லிமீட்டர் கூட்டினார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பம்பில் மொத்த விலகல் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். இம்பெல்லருக்கும் கிண்ணத்துக்கும் இடையில் விட்ட இடைவெளி அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சோதனை மேடையில் பம்பு நன்றாகவே ஓடும். அதே கோப்பை இருபது ஸ்டேஜ் பம்பும் பயன்படுத்தினால் விலகல் 2 மில்லிமீட்டரை நெருங்கும். மேல் ஸ்டேஜ்களில் இம்பெல்லர் கிண்ணத்தை உரசும், மின்சாரம் கூடுதலாக இழுக்கும், தேய்மானம் விரையும். மாற்றியவர் தன் பம்பைச் சரியாகத்தான் சோதித்தார். தன் பம்பை மட்டும் சோதித்தார் என்பதே குறை. ஒரு பொதுப் பாகத்தைத் தொடுகிறவர் தாம் காணாத எல்லா அசெம்பிளிகளையும் தொடுகிறார்.

இந்தச் சிக்கலைக் கணினி கொண்டுவரவில்லை. கணினிக்கு முந்தைய வரைவு அறைகள் இதை அறிந்திருந்தன. மென்பொருள் எதுவும் இல்லாமலே கட்டுப்படுத்தியும் வைத்திருந்தன. மூல வரைபடம் டிரேசிங் தாளில் ஒன்றே ஒன்று இருக்கும். அது இரும்பு அலமாரியில் எண் வரிசையில் கிடக்கும். பட்டறைக்குப் போவது அதன் நீலப்படியோ அம்மோனியாப் படியோதான். படியில் யார் என்ன கிறுக்கினாலும் மூலம் மாறாது. மூலத்தை மாற்ற வேண்டுமானால் அலமாரியின் சாவி வைத்திருப்பவரிடம் கேட்டு, பதிவேட்டில் கையொப்பமிட்டு வெளியே எடுக்க வேண்டும். வரைபடத்தின் வலக் கீழ் மூலையில் உள்ள தலைப்புக் கட்டத்தில் எண், திருத்தம், தேதி, வரைந்தவர், சரிபார்த்தவர் என்ற இடங்கள் இருந்தன. பல அலுவலகங்களில் இந்தப் பாகம் எந்த அசெம்பிளியில் சேர்கிறது என்று எழுதவும் ஒரு பத்தி இருந்தது. திருத்தம் செய்யுமுன் கண் தானாக அந்தப் பத்திக்குப் போகும். படியெடுப்பது செலவும் உழைப்பும் பிடிக்கும் வேலை என்பதால் மூலத்தின் தனித்தன்மையை அந்த உழைப்பே பாதி காத்தது. கணினி வந்தபின் படியெடுப்பது இரண்டு விசைகளை அழுத்தும் வேலையாயிற்று. அலமாரி போயிற்று, அதோடு சாவிக்காரரும் போனார். சாவிக்காரரின் வேலையை வேறு யாருக்கும் ஒப்படைக்கவில்லை.

ஆகவே மென்பொருள் இல்லாமல் பொதுப் பாகங்களை ஒழுங்குபடுத்துவது என்பது புதிய உத்தி எதையும் கண்டுபிடிப்பதன்று; அந்த அலமாரியையும் பதிவேட்டையும் சாவிக்காரரையும் கணினிக்குள் மீண்டும் அமர்த்துவதே. இதற்குச் சில விதிகள் போதும். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு; காரணம் தெரியாமல் பின்பற்றும் விதி மூன்றாம் மாதத்தில் உதிர்ந்துவிடும்.

முதலாவது, ஒரு பாகத்துக்கு ஓர் எண், ஒரு கோப்பு, ஓர் இடம். கோப்பின் பெயரே அந்த எண்ணாக இருக்க வேண்டும். பட்டறை முழுவதிலும் அந்தப் பெயர் இரண்டாம் முறை வரக் கூடாது. நினைவகத்தில் பெயர் மயங்கும் ஆபத்து இதனால் அடியோடு நீங்கும். எண்ணுக்குள் பொருளைத் திணிக்கும் ஆசையையும் கட்டுப்படுத்த வேண்டும். பத்துக் குதிரைத்திறன் பம்புக்கான இம்பெல்லர் என்பதை எண்ணிலேயே குறித்துவைத்தால், அடுத்த ஆண்டு அதே இம்பெல்லர் பன்னிரண்டரைக் குதிரைத்திறன் பம்பில் சேரும்போது எண் பொய் சொல்லத் தொடங்கும். பொய்யைத் திருத்தப் புதிய பெயரில் ஒரு படி பிறக்கும். வரிசையாக வரும் வெறும் எண் எதையும் சொல்வதில்லை. ஆகவே பொய்யும் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதைப் பதிவேடு சொல்லட்டும்.

இரண்டாவது, கோப்புறைகளை மாடலின்படி மட்டும் பிரிக்காமல் உரிமையின்படி பிரிப்பது. பொதுப் பாகங்களுக்கு ஒரு கோப்புறை. போல்ட், பேரிங், ஓ-ரிங் போன்ற வாங்கும் பொருள்களுக்கு ஒன்று. ஒவ்வொரு மாடலுக்கும் அதன் அசெம்பிளியும் தனிப் பாகங்களும் மட்டும் கொண்ட ஒன்று. பட்டறைக்கு வெளியிட்ட வரைபடப் படிகளுக்கு ஒன்று. ஒரு பாகம் முதலில் ஒரு மாடலுக்கென்றே பிறக்கும். இரண்டாவது மாடல் அதைக் கேட்கும் நாளில் அதைப் பொதுக் கோப்புறைக்கு நகர்த்த வேண்டும். அந்த நகர்த்தலை மென்பொருளுக்குள்ளிருந்தே, முகவரிகள் அறாதபடி செய்ய வேண்டும். எல்லாக் கணினிகளிலும் பகிர்வு வட்டுக்கு ஒரே எழுத்து இருக்க வேண்டும். ஒரு கணினியில் ‘எஸ்’ என்றும் இன்னொன்றில் ‘இசட்’ என்றும் இருந்தால் ஒரே கோப்புக்கு இரண்டு முகவரிகள் உண்டாகும்.

மூன்றாவது, பொதுக் கோப்புறை எல்லாருக்கும் படிக்க மட்டும் திறந்திருக்க வேண்டும்; எழுதும் உரிமை ஒருவருக்கே. விண்டோஸின் சாதாரண அனுமதி அமைப்பே இதற்குப் போதும், காசு செலவில்லை. அந்த ஒருவர்தான் சாவிக்காரர். அவர் விடுப்பில் சென்றால் யார் என்பதும் எழுதி வைக்கப்பட வேண்டும். அவர் மூத்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை, “இது வேறு எங்கே பயன்படுகிறது?” என்று முதலாளியிடமே கேட்கத் தயங்காதவராக இருந்தால் போதும்.

நான்காவது, பதிவேடு. ஓர் எக்செல் தாள் போதும். எண், பெயர், பொருள், திருத்தம், தேதி, மாற்றியவர், மாற்றத்தின் காரணம். இவற்றோடு, தனித் தாளில், எந்தப் பாகம் எந்த அசெம்பிளியில் எத்தனை என்ற வரிகள். அசெம்பிளி வெளியிடப்படும்போதெல்லாம் அதன் பாகப் பட்டியலை மென்பொருளிலிருந்து எடுத்து இந்தத் தாளில் சேர்த்தால் வேலை முடிந்தது. ஒரு பாகத்தின் எண்ணை வடிகட்டிப் பார்த்தால் அது பயன்படும் மாடல்கள் எல்லாம் வந்து நிற்கும். ஹப்பின் நீளத்தைக் கூட்டுமுன் இந்த ஒரு வடிகட்டலைச் செய்திருந்தால் இருபது ஸ்டேஜ் பம்பு கண்ணில் பட்டிருக்கும்.

ஐந்தாவது, திருத்தமா புதிய எண்ணா என்ற கேள்வி. இதற்குத் தொழிலுலகம் ஏற்றுக்கொண்ட உரைகல் ஒன்று உண்டு: வடிவம், பொருத்தம், செயல்பாடு. புதிய பாகம் பழைய பம்பிலும், பழைய பாகம் புதிய பம்பிலும் எந்த வேறுபாடும் இன்றி உட்காருமானால் அது திருத்தம். அதே எண்ணில் திருத்த எழுத்து மட்டும் ஏறும். ஏதேனும் ஒரு பக்கம் உட்காராது என்றால் அது வேறு பாகம்; அதற்கு வேறு எண். 0.1 மில்லிமீட்டர் கூடிய ஹப் வேறு பாகம். வரைபடத்தில் எழுத்துப் பிழை திருத்தியது திருத்தம். திருத்த எழுத்தைக் கோப்பின் பெயரில் சேர்க்காமல், கோப்பின் பண்புகளிலும் பதிவேட்டிலும் வைப்பது நல்லது. பெயரில் சேர்த்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு புதிய கோப்பு பிறக்கும். பழைய அசெம்பிளிகள் பழைய கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். வெளியிட்ட பிடிஎஃப் படியின் பெயரில் திருத்த எழுத்து இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அது வரலாற்று ஆவணம். வேலை செய்யும் கோப்பன்று.

ஆறாவது, வெளியே அனுப்புவது. மாதிரி செய்பவருக்கோ வாடிக்கையாளருக்கோ கோப்புகளை அனுப்பும்போது, அசெம்பிளியையும் அது சுட்டும் எல்லாப் பாகங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தரும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. அந்த மூட்டைக்குத் தேதியிட்டுத் தனியே வைக்க வேண்டும். அது திரும்பி வந்தாலும் பகிர்வுக் கோப்புறைக்குள் நேரடியாக நுழையக் கூடாது. வெளியே போய் வந்த படி வீட்டுக்குள் கலப்பதுதான் இரட்டைப் பிறப்புகளின் வழக்கமான வாசல்.

இவை அனைத்தும் மனிதரை நம்பிய ஏற்பாடுகள் என்பதால் இவற்றுக்கு எல்லையும் உண்டு. ஐந்தாறு பேர் ஒரே அறையில் அமர்ந்து, ஒருவர் கேட்பது இன்னொருவர் காதில் விழும் அளவில் இவை தாங்கும். இரண்டு ஊர்களில் இரண்டு குழுக்கள் ஒரே பாகத்தில் கை வைக்கும் நிலை வந்தால் தாங்கா. கூகுள் டிரைவ் போன்ற மேகச் சேமிப்பும் இதற்கு மாற்றாகாது. இருவர் ஒரே நேரத்தில் சேமித்தால் ஒருவரின் வேலை மேலெழுதப்படும், அல்லது முரண்படி என்று இன்னொரு கோப்பு முளைக்கும். உரைக் கோப்பைப் போல இரண்டு கேட் கோப்புகளை வரி வரியாக ஒப்பிட்டு இணைக்க இயலாது. அந்த நிலையில் பூட்டும் வசதி கொண்ட மென்பொருள் தேவைதான்; சப்வெர்ஷன் போன்ற கட்டணமற்றவையும் உள்ளன.

ஆனால் மென்பொருள் வாங்கிவிட்டால் ஒழுங்கு வந்துவிடும் என்று எண்ணுவதும் பிழை. ஏர்பஸ் ஏ380 விமானத்தின் வரலாறு இதற்குச் சான்று. ஒரு விமானத்தில் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் மின்கம்பிகள். ஹாம்பர்க்கில் கேட்டியா மென்பொருளின் நான்காம் பதிப்பும், துலூஸில் ஐந்தாம் பதிப்பும் பயன்பாட்டில் இருந்தன. ஒரு பக்கத்து மாற்றங்கள் மறுபக்கத்து மாதிரிக்குச் சரிவரச் சென்று சேரவில்லை. ஹாம்பர்க்கில் தயாரான கம்பிக் கட்டுகள் துலூஸில் பொருத்தும்போது நீளம் போதாமல் நின்றன. 2006ஆம் ஆண்டில் தாமதங்கள் அடுத்தடுத்து அறிவிக்கப்பட்டன. முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் 2007 அக்டோபரில்தான் ஒப்படைக்கப்பட்டது. உலகின் மிகச் சிறந்த கருவிகள் அங்கே இருந்தன. எது மூலம், யார் மாற்றலாம், மாற்றம் யாருக்குத் தெரிய வேண்டும் என்ற உடன்பாடு போதுமான அளவு இல்லை. பட்டறைக்கும் ஏர்பஸுக்கும் அளவில்தான் வேற்றுமை; சிக்கலின் இயல்பு ஒன்றே.

கோவையில் இந்த உடன்பாட்டுக்கு ஒரு மரபு உண்டு. 1926இல் தொடங்கிய பிஎஸ்ஜி தொழிற்பயிலகம் முதலாக இந்த நகரம் பட்டறையையும் வகுப்பறையையும் அருகருகே வைத்து வளர்ந்தது. நீர்மூழ்கிப் பம்புகளுக்கு ஐஎஸ் 8034 என்ற இந்தியத் தரம் உண்டு. பம்புகளைச் சோதிக்கச் சிட்டார்க் என்ற மையம் நகரிலேயே உண்டு. தரமும் சோதனையும் முடிந்த பம்பைத்தான் பார்க்கின்றன. அந்தப் பம்பும் ஐந்தாண்டுக்குப் பின் வரும் அதன் உதிரிபாகமும் ஒரே கோப்பிலிருந்து பிறந்தனவா என்பதை எந்தச் சோதனை மேடையும் சொல்லாது.

கல்விக்கூடங்களின் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது. முதலாண்டு மாணவர் பொறியியல் வரைபடம் கற்கும்போது எஸ்பி 46 கையேட்டின்படி தலைப்புக் கட்டம் வரைகிறார். பெயரும் பதிவெண்ணும் எழுதி நிரப்புகிறார். திருத்தப் பத்தி எதற்காக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மாதிரியமைப்பு ஆய்வகத்தில் ஒவ்வொரு மாணவரும் தனியே ஒரு பாகத்தை வரைந்து மதிப்பெண் பெற்றுச் செல்கிறார். இன்னொருவரின் பாகத்தைப் பயன்படுத்த வேண்டிய தேவையே எழுவதில்லை. மாணவர் அணிகள் பந்தயக் கார் வடிவமைக்கும்போதுதான் முதன்முறையாக எட்டுப் பேர் ஒரே கோப்புறைக்குள் மோதிக்கொள்கிறார்கள். ‘இறுதி’, ‘இறுதி_புதியது’, ‘சத்தியமாக இறுதி’ என்ற மூன்று கோப்புகளில் எது பட்டறைக்குப் போனது என்பது போட்டிக்கு முந்தைய இரவில்தான் தெரியவரும். ஆய்வகங்களிலும் இதே கதைதான். முந்தைய ஆய்வாளர் வடிவமைத்த சோதனைக் கருவியின் கோப்புறை அடுத்தவர் கைக்கு வரும்போது, நிற்கும் கருவிக்கும் திரையில் தெரியும் அசெம்பிளிக்கும் உறவு தேய்ந்திருக்கும். ஆய்வேட்டில் அச்சான பரிமாணம் எந்தத் திருத்தத்தைச் சேர்ந்தது என்று சொல்ல ஆளில்லாவிட்டால், அந்த முடிவை மீண்டும் செய்து பார்ப்பது எப்படி?

இதற்குப் புதிய பாடத்தாள் வேண்டியதில்லை. இப்போதுள்ள ஆய்வக வகுப்பிலேயே, நான்கு மாணவர்கள் கொண்ட குழுவுக்கு இரண்டு அசெம்பிளிகளையும் அவற்றுக்குப் பொதுவான ஐந்து பாகங்களையும் கொடுக்கலாம். மூன்றாம் வாரத்தில் ஒரு பொதுப் பாகத்தின் பரிமாணத்தை மாற்றும்படி ஒரு அசெம்பிளியின் பெயரால் கோரலாம். மாற்றுமுன் மற்ற அசெம்பிளிக்காரரிடம் கேட்டார்களா, பதிவேட்டில் எழுதினார்களா, திருத்தம் என்று முடிவெடுத்தார்களா, புதிய எண் என்று முடிவெடுத்தார்களா, ஏன் என்பவற்றுக்கு மதிப்பெண் தரலாம். வரைந்த வடிவின் அழகுக்குத் தரும் மதிப்பெண்ணில் பாதியேனும் இதற்குத் தரலாம். பட்டறைக்குப் போகும் மாணவர் புதிய மென்பொருளை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வார். தாம் மாற்றப்போகும் பாகத்தை வேறு யார் நம்பியிருக்கிறார் என்று கேட்கும் பழக்கத்தை அங்கே கற்றுத்தர யாருக்கும் நேரமிருக்காது. அதைக் கல்லூரியிலேயே கற்று அவர் வெளியே வர வேண்டும்.